மனமில்லாதவரிடம் கேட்கும் வாக்கு

தேர்தல் காலத்தில் எங்கள் ஊத்துக்கோட்டைக் கடைவீதிக்குள் எந்தக் கட்சியின் ஊர்வலம் நுழைந்தாலும், அதன் முன்னால் வியர்வை வழிய நடந்து வரும் பிரமுகர்கள், அறிவிக்கப்பட்ட அபேட்சகரின் பெயரைக் கேட்ட நாள் முதலாய் முகம் சுளித்து ஒதுங்கி நிற்கும் தம் சொந்தக் கட்சிக்காரரின் கையைப் பற்றிக்கொண்டு, "ஆளைப் பார்க்காதீங்க, சின்னத்தைப் பாருங்க" என்று சொல்லும் காட்சியைக் காணலாம். எதிர்க்கட்சிக்காரரிடம் வாக்குக் கேட்பது எளிது. அவர் மறுத்தால் அது எதிர்பார்த்ததே. தன் கட்சியிலேயே மனம் கசந்து நிற்பவரிடம் கேட்பதுதான் கடினம், ஏனெனில் அவருடைய மறுப்பில் நமக்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. இவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் நிறுத்துப் பார்க்க, தேசத்தின் மிக உயர்ந்த பதவிக்கு நடந்த ஒரு தேர்தலையே எடுத்துக்கொள்கிறேன்: 1969-ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல்.

ஜனாதிபதித் தேர்தலில் நமக்கு நேரே வாக்கு இல்லை. பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்திருப்போரே வாக்காளர்கள். 1971-ஆம் ஆண்டின் ஜனத்தொகையை அடிப்படையாகக் கொண்ட இன்றைய கணக்குப்படி, எங்கள் கும்மிடிப்பூண்டித் தொகுதியின் உறுப்பினர் உட்பட தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் மதிப்பு 176. ஆகவே இத்தேர்தலில் தயங்கி நிற்கும் வாக்காளர் அரசியலையே தொழிலாகக் கொண்டவர், கட்சியால் வளர்ந்தவர், கட்சிக்கு அஞ்சவும் காரணமுள்ளவர். அப்படிப்பட்டவரே தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு எடை அதிகம்.

அந்தத் தேர்தலின் நாயகர்களில் இருவருக்கு எங்கள் ஊரோடு ஒரு தொடர்பும் உண்டு. ஊத்துக்கோட்டையிலிருந்து ஆரணியாற்றங்கரையோடு மேற்கே சிறிது தூரம் நடந்தாலே சுருட்டப்பள்ளிக் கோயில். அது இன்று ஆந்திர மண். திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வர, திருவள்ளூர், பொன்னேரித் தாலுகாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் செல்ல, 1960 ஏப்ரல் 1 அன்று இந்த எல்லை நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய பேச்சுகள் நடந்து, 1959-இல் சட்டமும் ஆன காலத்தில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜர். ஆந்திரத்தின் முதலமைச்சர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இரு மொழி பேசும் ஜனங்களின் மனத்தாங்கல்களுக்கு நடுவே, எவருக்கும் முழுத் திருப்தி தராத ஓர் ஏற்பாட்டைத் தத்தம் தரப்பாரை ஏற்றுக்கொள்ளச் செய்தவர்கள் அவர்கள். மனமில்லாதவரைச் சம்மதிக்கச் செய்யும் வித்தை அவர்களுக்குப் புதிதன்று.

1969 மே 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸின் பாராளுமன்றக் குழுவில், காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், ஒய்.பி. சவாண் ஆகிய நால்வர் ரெட்டியை ஆதரித்தார்கள். பிரதம மந்திரி இந்திரா காந்தியும் பக்ருதீன் அலி அகமதுவும் ஜெகஜீவன்ராமை விரும்பினார்கள். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் ரெட்டி கட்சியின் அபேட்சகரானார். தோற்ற பிரதம மந்திரி, ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் தாமே முன்மொழிந்து கையெழுத்தும் இட்டார். அதற்குள் மொரார்ஜியின் கையிலிருந்து நிதி இலாகா போயிற்று, ஜூலை 19-இல் பதினான்கு வங்கிகள் தேச உடைமையாயின, மறுநாள் உப ஜனாதிபதி வி.வி. கிரி தம் பதவியைத் துறந்து சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். ஆகஸ்ட் நடுவில், வாக்களிக்கும் நாள் நெருங்கிய நிலையில், கட்சிக் கொறடாவின் கட்டளை எதுவும் பிறப்பிக்க மறுத்து, உறுப்பினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார் இந்திரா.

கட்சித் தலைமையின் தரப்பில் உள்ள நியாயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கட்சி என்பது பலர் தத்தம் இஷ்டத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் பொதுவில் ஒரு பலத்தைப் பெறும் ஏற்பாடு. குழுவில் வென்றால் முடிவைக் கொண்டாடுவேன், தோற்றால் வெளியே போய் எதிர்ப்பேன் என்று ஒவ்வொருவரும் சொல்லத் தொடங்கினால், பஞ்சாயத்தும் நடவாது, பாராளுமன்றமும் நடவாது. மேலும், கட்சியின் அபேட்சகருக்கு ஒருவர் அளிக்கும் வாக்கு அந்த மனிதரைப் பற்றிய புகழுரையன்று. குறையைக் கண்டும், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும், கூட்டு முடிவின் பொருட்டு வாக்களிப்பவர் தம் அறிவை அடகு வைத்தவராக மாட்டார். அவ்வாறு நடந்துகொள்வதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தான் விரும்பிய பெயர் தோற்ற பின்பும், அடுத்த நாள் காலை கொடியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கும் எங்கள் ஊர்த் தொண்டரிடம் அந்தப் பெருந்தன்மையை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தொண்டரிடம் கட்டுப்பாட்டைக் கேட்கும் உரிமை தலைமைக்கு எங்கிருந்து வருகிறது? தயங்குவோரைக் கலந்துகொண்டு முடிவெடுத்ததிலிருந்து வரவேண்டும். தானும் அதே கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடப்பதிலிருந்து வரவேண்டும். 1969-இல் இவ்விரண்டும் பழுதுபட்டிருந்தன. நூற்றுக்கணக்கானோர் இட வேண்டிய வாக்கை ஓர் அறையில் ஒரு சிலர் தீர்மானித்தார்கள். அதுவும் அரசாங்கத்தை நடத்தும் பிரதம மந்திரியின் சம்மதமின்றி, அவரைக் கட்டிப்போடவே இந்தத் தேர்வு என்ற ஐயத்துக்கு இடம் வைத்துத் தீர்மானித்தார்கள். அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டிய காலத்தில், காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்த ஜனசங்கத்தின் தலைவர்களையும் சுதந்திராக் கட்சித் தலைவர்களையும் சந்தித்து, அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்குகளை ரெட்டிக்குக் கேட்டார். சட்டப்படி அதில் பிழையில்லை. என்றாலும், எதிரணியாரின் வாசலுக்குப் போய் இதமாகப் பேசிய தலைமை, தன் வீட்டாரிடம் கட்டுப்பாடு என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது.

அதன் பலனை வாக்கு எண்ணிக்கையே காட்டுகிறது. ஆகஸ்ட் 20-இல் எண்ணியபோது முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. தேஷ்முக் உள்ளிட்ட மற்றவர்களின் வாக்குகளை இரண்டாம் விருப்பப்படி பங்கிட்டபோது ரெட்டிக்கு 91,879 கூடிற்று, கிரிக்கு 18,562 மட்டுமே. ஆக, நிஜலிங்கப்பா வெளியே கேட்ட வாக்குகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427, வித்தியாசம் 14,650. அயலார் இரக்கத்தோடு அள்ளிக்கொடுத்த இரண்டாம் விருப்பம், சொந்த வீட்டார் மறுத்த முதல் விருப்பத்தை ஈடுசெய்யவில்லை. தயங்கி நின்ற காங்கிரஸ்காரர்களில் ஒரு சிறு பகுதியினரையேனும் காரணம் காட்டி, அவர்களுடைய ஐயத்துக்குப் பதில் கூறி அழைத்திருந்தால், சரித்திரம் வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மனச்சாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் தலை வணங்கிவிடுகிறோம். அதனாலேயே அதைக் கூர்ந்து பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. முன்மொழிந்து கையெழுத்திட்டவர், அந்த மை உலர்ந்து பல நாள் ஆவதற்குள், தம்மைப் பின்பற்றுவோரை அக்கையெழுத்துக்கு எதிராக நடக்கத் தூண்டுவது எந்தத் தர்மத்தில் சேரும்? கையெழுத்திடவே மறுத்திருந்தால் அவருடைய எதிர்ப்புக்கு இன்னும் கண்ணியம் இருந்திருக்கும். இதற்கு மாறான உதாரணத்தைக் கிரியின் முன்வாழ்விலேயே காண்கிறேன். தொழிற்சங்கங்களை வளர்த்தவரான அவர், மத்தியத் தொழிலாளர் மந்திரியாக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை அரசாங்கம் திருத்தியதை ஏற்க மனமின்றி 1954-இல் பதவியை ராஜினாமாச் செய்தார். கொடுக்க வேண்டிய விலையைத் தானே முதலில் கொடுத்துவிட்டுப் பேசும் மனச்சாட்சி அது. 2016 ஜூலையில் அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், டிரம்ப்பிடம் தோற்ற டெட் குரூஸும் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற இதே சொல்லைத்தான் மேடையில் சொன்னார். கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். ஆனால் எதிர்ப்போர் நடுவில் நின்றே அவர் அதைச் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாக்காளரின் காரணங்களுக்குக் காரணத்தால் பதில் சொல்லாதபோது அந்த வெற்றிடத்தில் அவதூறு புகும். ரெட்டியை இழிவுபடுத்திய அநாமதேயத் துண்டுப் பிரசுரம் ஒன்று அத்தேர்தலில் பரவிற்று. தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது; பதவியிலிருந்த ஜனாதிபதியே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970-இல் வழக்குத் தள்ளுபடியானாலும், ஒரு பெரிய பதவியைச் சுற்றிப் படிந்த அந்தப் புழுதியை நினைக்கையில் இன்றும் மனம் வருந்துகிறது.

கடல் கடந்து இலங்கையைப் பார்த்தால் இவ்விஷயம் அரசியலின் எல்லையைத் தாண்டித் துயரத்தின் எல்லைக்குள் நுழைகிறது. 2010 ஜனவரி 26-இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், சில மாதங்களுக்கு முன்பு முடிந்த யுத்தத்தை இராணுவத் தளபதியாக நடத்திய சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்கும்படி, இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழ் மக்களைக் கேட்டுக்கொண்டது. பிள்ளையை இழந்த தாயிடம் போய் அந்தச் சேனையின் தலைவருக்கு வாக்குக் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மகிந்த ராஜபக்சவின் ஆட்சியை மாற்ற வேறு மார்க்கமில்லை என்ற நியாயம் அதில் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் பொன்சேகாவையே ஆதரித்தார்கள். ஆயினும் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே சாவடிக்கு வந்தார்கள். போர் குலைத்துப்போட்ட ஊர்களில் வராமைக்குப் பல காரணங்கள் உண்டு. மனம் இடங்கொடாமையும் அவற்றுள் ஒன்று என்பதை யார் மறுப்பார்? 2015-இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு அதே கூட்டமைப்பு வாக்குக் கேட்டபோது அம்மாவட்டத்தில் மூன்றில் இரு பங்கினர் வந்தார்கள். வேட்பாளர் சகிக்கத்தக்கவராக இருந்தால் மக்கள் தாமே நடந்து வருவார்கள். இல்லையேல் தலைவர்களின் வார்த்தைக்கு ஓர் எல்லை உண்டு.

இங்கே இரு நாட்டுச் சட்டங்களும் ஒரு வழி வைத்திருக்கின்றன. இந்திய ஜனாதிபதித் தேர்தலிலும் இலங்கையிலும் வாக்காளர் விருப்ப வரிசை இடலாம். 2024 செப்டம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாகத் தீர்மானித்தபோது அக்கட்சிக்குள்ளேயே பலருக்கு மனமில்லை. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாமல், அந்நாட்டின் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணும்படி ஆயிற்று. மனத்துக்கு உகந்தவருக்கு முதல் விருப்பத்தையும், காரியத்துக்கு வேண்டியவருக்கு இரண்டாவதையும் கேட்கும் தலைவர், தம் கட்சிக்காரரை அவமதிக்காமலே வாக்குக் கேட்டவராவார். நிர்ப்பந்தத்தை நம்புவோர்க்கு நம் நாட்டுச் சட்டம் இடமும் தரவில்லை: ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இரகசியமானது, கொறடாவின் கட்டளை செல்லாது, 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டமும் அங்கே பாயாது. அந்தத் திரைக்குள் உறுப்பினரோடு செல்வது அவருக்குக் கூறப்பட்ட காரணங்கள் மட்டுமே.

தோல்விக்குப் பின் ரெட்டி அனந்தப்பூர்ச் சீமையில் தம் நிலத்துக்குத் திரும்பினார். காங்கிரஸ் அந்த நவம்பரிலேயே இந்திராவை விலக்கி இரண்டாகப் பிளந்தது. எட்டு ஆண்டுகள் சென்று, 1977 ஜூலையில், தாக்கலான முப்பத்தேழு நியமனப் பத்திரங்களில் முப்பத்தாறு தள்ளப்பட, ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதியானார். முன்பு அவருக்கு வாக்களிக்க மனமின்றி நின்றவர்களில் பலர் அப்போதும் அரசியலில் இருந்தார்கள். வாக்குப்பதிவே நடவாமையால், அவர்கள் மனம் மாறியிருந்ததா என்று கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை.