கட்டுரைச் சட்டகமும் கருத்து வைப்புமுறையும்

கட்டுரை எழுதப் புகும் மாணவர்க்குச் சட்டகம் அமைக்கும் பயிற்சி இன்றியமையாதது என்பதில் தமிழாசிரியர் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்பயிற்சி நடைபெறும் முறையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். பள்ளித் தேர்வில் முன்னுரை, இடையே சில தலைப்புகள், முடிவுரை என்னும் குறிப்புகளைத் தந்து, அவற்றைக் கொண்டு கட்டுரை வரையுமாறு பணித்தல் நெடுநாளைய வழக்கம். எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது, எதனை விடுவது என்று துணிவதே சட்டகம் அமைத்தலாகும். அத்துணிபு வினாத்தாள் அமைத்தவராலேயே முடிக்கப்பட்டு விடுகின்றது. மாணவர்க்கு எஞ்சுவது, பிறர் கட்டிய அறைகளில் மனப்பாடத் தொடர்களை நிரப்பும் வேலையே. இதனைச் சட்டகப் பயிற்சி என்றல் பொருந்தாது.

இக்குறை முதுகலை வகுப்பில் வெளிப்படுகின்றது. ‘சிலப்பதிகாரத்தில் ஊழ்’ என்னும் தலைப்பினைக் கொடுத்துப் பார்ப்போமாயின், முன்னுரை, ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், ஊழ், முடிவுரை என்றே சட்டகம் அமையும். இவை ஐந்தும் பெயர்கள். இவற்றுள் ஒன்றேனும் கருத்தன்று. ஊழைப் பற்றி எழுதுபவர் என்ன சொல்லப் போகின்றார் என்பதை இச்சட்டகம் அவரிடம் கேட்பதே இல்லை. ஆதலின் அவரும் சொல்வதில்லை.

பெயர்களுக்கு மாறாக முழுத் தொடர்களால் சட்டகம் அமைக்கச் செய்க. மாணவர் ஒருவர் இவ்வாறு தொடங்கக் கூடும்: கோவலனின் முற்பிறப்பு வினையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைப்பது கட்டுரை காதையில், அதாவது 23ஆம் காதையில், பாண்டியன் தன் பிழை உணர்ந்து உயிர் நீத்ததோ 20ஆவதாகிய வழக்குரை காதையில், எனவே ஊழ் என்னும் விளக்கம் அரசன் குற்றம் உறுதிப்பட்ட பின்னரே வருகின்றது, ஆகவே காப்பியம் ஊழைக் காட்டி அரசனைத் தப்பவிடவில்லை. நான்கு தொடர்கள், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றது, ஒன்றனை இடம் மாற்றின் வாதம் சிதையும். இதுவே சட்டகம் என்க.

ஆயின் இதனோடு அமைதல் கூடாது. நூலை மீண்டும் பயிலும்பொழுது 16ஆம் காதையாகிய கொலைக்களக் காதை எதிர்ப்படும். அங்கு மன்னன் பிழைபட மொழிந்தமைக்கு வினை முதிர்ந்தமையை ஆசிரியர் தம் கூற்றாகவே காரணம் காட்டுகின்றார். ‘பின்னரே வருகின்றது’ என்ற மூன்றாம் தொடர் இதனால் வீழ்கின்றது. இந்நிலையில் தலைப்புச் சட்டகம் உடையவர்க்கு ஒரு துன்பமும் இல்லை. ‘ஊழ்’ என்னும் அறையில் மற்றுமொரு மேற்கோளைச் சேர்த்துவிட்டு மேற்செல்வர். தொடர்ச் சட்டகம் உடையவரோ நின்று எண்ணியாக வேண்டும். ஆசிரியர் கூற்றில் காரணமாக நிற்கும் வினையை அரசன் தனக்குக் காவலாகக் கொள்ளாது தன் பிழையையே மொழிந்து வீழ்கின்றான் என்னும் நுட்பம் அவர்க்கு அப்பொழுதே புலப்படும். மூன்றாம் தொடரும் புதிதாக எழுதப்படும். உடையக்கூடிய சட்டகமே பயனுடைய சட்டகம் என்பது எம் துணிபு.

இக்கருத்து மேலைநாட்டுக் கல்விமுறையினின்று கடன் கொண்டதன்று. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை இந்நோக்கில் வகைப்படுத்திக் காண்க. வழூஉச்சொற் புணர்த்தல் சொல்லைப் பற்றியது. மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியனவோ வைப்புமுறையைப் பற்றியன. மாணவர் கட்டுரையைத் திருத்தும் யாம் சந்திப் பிழைக்குச் செம்மை இடுகின்றோமே அன்றி, முதற்பக்கத்தில் பெருகி மூன்றாம் பக்கத்தில் தேய்ந்த கட்டுரையின் ஓரத்தில் ‘சென்று தேய்ந்திறுதல்’ எனக் குறித்தது உண்டா? அந்நூற்பாவினைத் தேர்வுக்காக ஒப்பிக்கச் செய்துவிட்டு, அதனை அளவுகோலாகக் கொள்ள மறந்தோம்.

உரையாசிரியருள் பரிமேலழகர் இத்துறையில் நமக்குப் பேராசான். ஓர் அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, அது முன்னை அதிகாரத்தின்பின் வைக்கப்பட்ட காரணத்தை உரைக்கின்றார். அதிகாரத்தினுள்ளும் ஒரு பாட்டாலோ சில பாட்டாலோ கூறப்பட்டது இன்னதெனத் தொகுத்துக் காட்டிச் செல்கின்றார். முடிந்த நூலிலிருந்து சட்டகத்தை மீட்டெடுக்கும் செயல் இஃது. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என அவர் பகுத்ததும் இம்முறை பற்றியே. மணக்குடவர் கொண்ட குறள் வைப்பு வேறு என்பதை நினைவிற் கொள்க. ஓர் அதிகாரத்தை எடுத்து, இருவர் வைப்பையும் அருகருகே எழுதச் செய்து, எவ்வைப்பில் பொருள் இழை அறாது செல்கின்றது என வினவின், ஒரு வகுப்பு நேரம் போதாது. மாணவர் சிலர் மணக்குடவர் பக்கம் நிற்பர். நிற்கட்டும், காரணம் காட்டினாற் போதும்.

அடுத்து, மாணவர் தாம் எழுதிய வரைவின் ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் பரிமேலழகர் போன்றே ‘இதனான் இன்னது கூறப்பட்டது’ என ஒரு தொடர் எழுதுக. எழுத இயலாத பத்தி வெற்றெனத் தொடுத்தது. இரு பத்திகட்கு ஒரே தொடர் வருமாயின் கூறியது கூறல். ஆசிரியர் சுட்டாமலே மாணவர் தம் குற்றத்தைத் தாமே காண்பர். முன்னர் வரைந்த சட்டகத்தினும் பின்னர் எடுக்கும் இச்சட்டகமே மிகுதியும் கற்பிக்கும் எனக் கருதுகின்றோம். நூலின் முகத்தில் நிற்கும் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரின் ஆசிரியரோ, உடன்பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்தற்குரியர் என்னும் மரபும் ஈண்டு எண்ணத்தக்கது. முன் நிற்பது முன் எழுதப்பட்டதாதல் வேண்டுவதில்லை.

சட்டகம் கற்பனையைக் கட்டுப்படுத்தும் என்பாரும் உளர். கவிதைக்கு அஃது ஓரளவு பொருந்தலாம். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பொருந்தாது.

வகுப்பில் மாணவர் தொகை பெரிது, இருமுறை திருத்த நேரம் இல்லை என்னும் தடையே உண்மையானது. பருவத்திற்கு ஐந்து கட்டுரை வாங்கும் இடத்தில் இரண்டு வாங்கி, அவ்விரண்டனையும் சட்டகம், வரைவு, மீள்சட்டகம் என மும்முறை காண்பது இயலுவதே. ஆய்வுப் பட்டத்திற்குப் பதிவு செய்வோரிடமும் இதே நெகிழ்ச்சி வேண்டும். மூலநூல்களைப் பயின்று முடிக்குமுன்னரே இயற்பகுப்பினை எழுதித் தருமாறு கேட்கின்றோம். ஆண்டுகள் கழித்து அப்பகுப்பு மாறாமல் வந்து சேர்வதைக் கண்டு மகிழ்கின்றோம். மாறாமை கண்டவிடத்து, ஆய்வாளர் இடையில் கண்டறிந்தது யாது என்று நேர்காணலில் வினவுதல் தேர்வாளர் கடன்.