ஒரு விளையாட்டும் இரு முகப்போவியங்களும்

ஒரே நூல் ஈரிடத்துப் பதிப்பிக்கப்படுங்கால் மேலட்டை வேறுபடுதல் புதுமையன்று. கணினி விளையாட்டுகளிலோ அவ்வேறுபாடு வணிக வழக்காகவே நிலைபெற்றுவிட்டது. பெட்டியின் முகப்போவியம், அவ்வந்நாட்டார் எதனைச் சுவைப்பர் என விற்போர் கொண்ட மதிப்பீட்டிற்குச் சான்றாகும். அம்மதிப்பீடு நேரியதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

2001ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட 'இக்கோ' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கொம்புடன் பிறந்தமையாற் கோட்டையொன்றிற் பலியாக அடைக்கப்பட்ட சிறுவன், தன் மொழி அறியாத பெண்ணொருத்தியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு தப்ப முயல்வதே கதை. ஆடுவோன் பொத்தானொன்றை அழுத்திக்கொண்டிருக்கும் வரையே அக்கை பிடியில் நிற்கும். விட்டால் அவள் பின்தங்குவாள். விளையாட்டின் உயிர்நிலை இதுவே.

யப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த பெட்டிக்கு ஓவியம் தீட்டியவர், விளையாட்டின் இயக்குநராகிய பூமிட்டோ உவேடாவே. வெயில் தோய்ந்த வெறுவெளி, ஓங்கிய கட்டடங்கள், நீண்டு கிடக்கும் நிழல்கள், அவற்றினிடையே கைகோத்து ஓடும் இரு சிற்றுருவங்கள். தொல்காப்பிய நெறியிற் கூறின், முதற்பொருளாகிய நிலமும் பொழுதுமே இங்குப் பேசுகின்றன. இருவரும் காதலரெனக் கதை கூறவில்லை. ஆயினும் உடன்போக்கின் சாயல் தெரிகிறது. பாலைக்குரிய நண்பகலாயின் நிழல் இவ்வளவு நீளாதே எனின், உண்மை, அது எற்பாடு. தலைமன்னார் மணற்பரப்பில் மாலைவெயிலில் நடந்தோர்க்கு இவ்வோவியம் அயலாய்த் தோன்றாது.

வட அமெரிக்கப் பெட்டியிலோ கொம்புடைய சிறுவன் கோலேந்திப் பேருருவாய் முன்நிற்கிறான். பெண்ணும் கோட்டையும் பின்னணியாய் ஒதுங்கின. கோத்த கைகள் இல்லை. கருப்பொருள்கள் யாவும் உள. உரிப்பொருள் ஒன்றே காணாமற் போயிற்று. அமெரிக்கர் வீரனின் முகத்தையே விரும்புவர் எனக் கருதினர் போலும். வியப்பு யாதெனின், உவேடா தம் ஓவியத்திற்கு முன்மாதிரியாகக் கொண்டது இத்தாலிய ஓவியர் சிரிக்கோவின் படைப்பு. 'எல்லையின்மையின் ஏக்கம்' எனத் தமிழிற் கூறத்தகும் அவ்வோவியம் நியூயோர்க் நவீன கலைக்கூடத்திலேயே உள்ளது! தம் நகரில் மக்கள் கண்டு நிற்கும் கலையை அம்மக்களே ஏலார் எனத் துணிந்தது எவ்வாறோ?

அந்நாட்டில் விற்பனை குன்றியமைக்கு அட்டையும் ஒரு காரணமெனச் சோனி அலுவலர் ஒருவரே பின்னாளிற் கூறினார். யாம் அதனைத் துணைக்கு அழையோம். யப்பானிலும் இது பெருவிற்பனை கண்டதன்று. விலைபோகாமை ஓவியத்தின் குற்றமுமன்று, குணமுமன்று.

1987இல் வந்த 'மெகா மேன்' நகைப்புக்கிடமானது. யப்பானியப் பெட்டியில் நீலநிற இயந்திரச் சிறுவன். அமெரிக்கப் பெட்டியில் கைத்துப்பாக்கி ஏந்திய நடுவயதினன்! விளையாட்டில் அவன் கையே பீரங்கி, துப்பாக்கி ஏது? சில மணிநேரத்தில் வரைவிக்கப்பட்ட படம் அதுவென்பர். 2012இல் அந்நிறுவனமே அவ்வுருவை வேறொரு விளையாட்டிற் புகுத்தித் தன்னைத் தானே எள்ளிக்கொண்டது.

நம் தீவுக்கெனத் தனியே வரையப்பட்ட முகப்பு எதனையும் யாம் கண்டதில்லை. பிறர்க்கென வரைந்தவையே நம் கடைகளுக்கு வருகின்றன; பெரும்பாலும் மங்கிய படியாக. இதனைக் குறையென்போரோடு யாம் முழுதும் உடன்படோம். நமக்கென ஒருவர் வரைந்திருப்பின், நம்மை எவ்வளவினர் என அளந்திருப்பாரோ!

மாணாக்கர் சிலரிடம் 'இக்கோ'வின் இரு படங்களையும் பெயர் மறைத்துக் காட்டினோம். பெரும்பாலோர் பேருருவம் உள்ளதையே விரும்பினர். அதனை மறைத்தல் நேர்மையன்று. மற்றையதை நெடிது நோக்கிய ஒருவன், "ஐயா, இவர்கள் யாருக்கு அஞ்சி ஓடுகிறார்கள்?" என வினவினான். உடனே ஏனையோரும் அப்படத்தையே சூழ்ந்துகொண்டனர்.