ஒரே ஒரு வெளிச்சம் போதும்

சாவிக்கொத்தில் தொங்க ஃபீனிக்ஸ் ஈ01-ஐ விடப் பொருத்தமான டார்ச்சை நான் பார்த்ததில்லை. பழைய ஈ01-ஐச் சொல்கிறேன்; பின்னால் 100 லூமன், மூன்று நிலை என்று வந்த வி2-வை அல்ல.

தலையைத் திருகினால் எரியும், எதிர்ப்பக்கம் திருகினால் அணையும். இரட்டைச் சொடுக்கு இல்லை, அழுத்திப் பிடிக்கும் வித்தை இல்லை. நிச்சியாவின் 5 மி.மீ. ஜிஎஸ் எல்.இ.டி. ஒன்று, 10 லூமன், அவ்வளவுதான். ஆனால் அதன் சர்க்யூட்டின் அழகு பாட்டரி தீரும்போதுதான் தெரியும். டி.வி. ரிமோட் கைவிட்ட சின்ன செல்லைப் போட்டாலும் பிழிந்து பிழிந்து வெளிச்சம் எடுக்கும். பட்டென்று அணைந்து படிக்கட்டின் நடுவில் நம்மை விடாது. மெல்ல மங்கி, மாற்றச் சொல்லி நேரம் கொடுக்கும். மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிவிட்டால் அந்தத் திருகலின் வழுவழுப்பே தனி சுகம்.

வெளிச்சத்தில் நீலம் ஓடுகிறதே என்பார்கள் நண்பர்கள். ஓடுகிறதுதான். ஒயரில் சிவப்பா பழுப்பா என்று பார்க்க வேண்டியவர்களுக்கு நிச்சியா 219பி போட்ட டார்ச்தான் சரி. ஓலைட் ஐ3ஈ-யின் 90 லூமனையும் நான் குறை சொல்லவில்லை, நல்ல லென்ஸ் அது. இருட்டுக்குப் பழகிய கண்ணோடு பூட்டுத் துவாரத்தைத் தேடும்போது மட்டும் அவ்வளவு வெளிச்சம் கூசுகிறது.

எங்கள் வீட்டில் மின்வெட்டு நேரங்களில் மேக்லைட் சாலிடேர்தான் துணை. இரண்டே லூமன், மஞ்சள் பல்பு. தலையைக் கழற்றி மேசையில் நிறுத்தினால் மெழுகுவத்தி. பின்மூடிக்குள் மாற்று பல்பு ஒன்றை வைத்தே விற்றார்கள். வாங்கியவன் வருடக்கணக்கில் வைத்திருப்பான் என்று நம்பிச் செய்த பொருள் அது.

இன்று அந்த நம்பிக்கை போய்விட்டது. விரல் நீளக் குழலில் யுஎஸ்பி துளையும் பிரிக்க முடியாத லித்தியம் பாட்டரியும் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பாட்டரி களைத்தால் டார்ச்சே குப்பைக்கு. அட்டையில் பெரிதாக அச்சிட்ட லூமன் கணக்கும் சூடேறும்வரைதான், பிறகு தானே இறங்கிவிடும். கடைக்குப் போவோர் எண்ணை மட்டும் கேட்பதால் செய்பவர்களும் எண்ணை மட்டும் ஏற்றுகிறார்கள். செல்லை மாற்ற முடியாத டார்ச் எவ்வளவு பிரகாசித்தாலும் சாவிக்கொத்துக்கு ஆகாது என்பதே என் தீர்ப்பு.

பழைய ஈ01 எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆல்கலைன் செல்லை மட்டும் உள்ளே போட்டு மறந்துவிடாதீர்கள். ஒழுகினால் குழலோடு இறுகிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றும் எனலூப்போ, 1.5 வோல்ட் லித்தியம் செல்லோ போடுங்கள். லித்தியம் எடையும் குறைவு.