ஊசியிடம் எதைக் கேட்கலாம்?

முதுகுவலிக்கு அக்குபஞ்சர் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியில் பிரிட்டனே இரண்டு மனதாக இருந்திருக்கிறது. அங்கே எந்தச் சிகிச்சை பயன் தரும் என்று ஆராய்ந்து வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2009இல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஊசி போடலாம் என்றது. 2016இல் வேண்டாம் என்று பின்வாங்கியது. 2021இல், வேறு நோயைக் காரணம் காட்ட முடியாத நாள்பட்ட வலிகளுக்குப் பரிசீலிக்கலாம் என்றது. விவரம் தெரிந்தவர்களையே இப்படி அலைக்கழிக்கும் சிகிச்சையை ‘அற்புதம்’ என்றோ ‘பித்தலாட்டம்’ என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

குழப்பத்தின் முடிச்சை ஜெர்மனியின் கெராக் ஆய்வில் பார்க்கலாம். 2007இல் வெளியான அதில் 1,162 பேர். சராசரியாக எட்டு ஆண்டுகள் முதுகுவலியோடு காலம் தள்ளியவர்கள். ஒரு குழுவுக்குச் சீன மரபு சொல்லும் புள்ளிகளில் முறைப்படி ஊசி. இன்னொரு குழுவுக்குப் புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமான குத்து. அது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மாத்திரை, இயன்முறை சிகிச்சை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். போலி ஊசியில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4தான்.

அக்குபஞ்சர்காரர்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் இரு தரப்புக்கும் சங்கடம். ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது மெய். எங்கே, எவ்வளவு ஆழத்தில் குத்தினார்கள் என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. உயிராற்றல் ஓடும் பாதைகள், அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகள் என்று கட்டப்பட்ட கோட்பாட்டுக்கு இது பலத்த அடி.

ஆய்விலும் ஓட்டை உண்டு. தங்களுக்கு ஊசி கிடைக்கவில்லை என்பது மூன்றாம் குழுவினருக்குத் தெரியும். பார்த்துச் சலித்த வைத்தியமே மறுபடி வாய்த்த ஏமாற்றமும் அந்த 27.4க்குள் இருக்கலாம். போலி ஊசியும் வெறும் பாவனை அல்ல. தோலைத் துளைக்கிறது, நரம்பைச் சீண்டுகிறது. ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி விக்கர்ஸ் குழு 2012இல் வெளியிட்ட அலசலில், உண்மை ஊசி போலியைச் சற்றே முந்தியது. ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் அகலம். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பது, இந்த முறையாவது குணமாகும் என்ற நம்பிக்கை: இவற்றின் பங்கு அந்த இடைவெளியில் கணிசம் என்பது என் கணிப்பு. கேலியாகச் சொல்லவில்லை. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதித் தரும் மருத்துவரிடம் இல்லாத பலம் இது.

போகிறவர் பயப்பட அதிகம் இல்லை. ஊசியில் மருந்து கிடையாது. மருந்து செலுத்தும் ஊசியைவிட மிக மெல்லியது. குத்திய இடத்தில் கனமாக, மதமதப்பாக இருக்கும். கெராக் ஆய்வில் பொதுவாக வாரம் இருமுறை, மொத்தம் பத்து முறை போட்டார்கள். ஓரளவு பலன் கண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஐந்து. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பத்து முறை போயும் துளி அசையாத வலிக்கு இன்னும் இருபது முறை வரச் சொன்னால், அது சந்தா கட்டுவதற்குச் சமம். 2,29,230 பேரைக் கவனித்த இன்னொரு ஜெர்மானிய ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் பக்கவிளைவு. பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவும் கன்றிப்போவதும். நுரையீரல் உறை துளைபட்டவர்கள் இருவர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, உறை நம் எதிரே பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

சிக்கல், வலியைத் தாண்டி வாக்குறுதி நீளும்போது வருகிறது. இந்த நீட்டல் பழைய கதை. நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு 1971இல் பீஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசியால் மரக்கவைத்தே அறுத்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அவரே எழுதியது வேறு: அறுவை வழக்கமான மரப்பு மருந்தில்தான் நடந்தது, இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோதுதான் அக்குபஞ்சர்.

தமிழ்நாட்டில் ஊசியையும் விட்டுவிட்டு, நாடி பார்த்து ஒரே புள்ளியில் விரல் வைக்கும் தொடுசிகிச்சை பரவியிருக்கிறது. கெராக் முடிவு அதற்கு ஒருவகையில் சாதகம்: இடமும் ஆழமும் பெரிதல்ல என்றால், விரல் பட்டும் வலி கொஞ்சம் அடங்கலாம். ஆனால் அந்த ஒற்றைப் புள்ளிதான் நோயை வேரறுக்கிறது என்ற வாதத்தையும் அதே முடிவுதான் ஆட்டம் காணச் செய்கிறது. வலி நோயாளி உணர்வது. நம்பிக்கைக்கும் ஆறுதலுக்கும் அது இறங்கிவரும். ரத்தச் சர்க்கரை அப்படி இறங்காது. மாத்திரையை நிறுத்துங்கள், பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லும் ஹீலர்களிடம் விரலோ ஊசியோ பிரச்சினை இல்லை. அந்த அறிவுரைதான் ஆபத்து. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் நின்றால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகும். பத்து முறை போய்ப் பார்க்கலாம் என்ற அவகாசம் அங்கே கிடையாது.