வைசா: கைபேசிக்குள் ஓர் ஆலோசகர்?

மனச்சோர்வில் இருக்கும் மாணவர்களுக்குப் பேச்சுத்துணையாக வந்திருக்கும் செயலிகளில் ஒன்றான வைசா பெங்களூருவில் பிறந்தது. ஜோ அகர்வாலும் ராமகாந்த் வேம்பட்டியும் தொடங்கியது. நான் பயன்படுத்திப் பார்த்தது இதன் ஆங்கிலப் பதிப்பை.

பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு புனைபெயர் போதும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படும் மாணவருக்கு இது பெரிய நிம்மதி. 2022இல் மோசில்லா அறக்கட்டளை மனநலச் செயலிகளின் தனியுரிமையை ஆராய்ந்து பலவற்றைக் கண்டித்தது. தப்பித்த மிகச் சிலவற்றில் வைசாவும் ஒன்று.

திரையில் ஒரு பென்குயின் வந்து பேசுகிறது. அரியர் விழுந்த மாணவனாக என்னை நினைத்துக்கொண்டு, எதற்கும் லாயக்கில்லாதவன் நான் என்று தட்டினேன். அது வெறும் ஆறுதலோடு நிற்கவில்லை. அந்த எண்ணத்தைத் தனியே எடுத்து, அதற்கு ஆதாரம் என்ன, வேறு மாதிரி பார்க்க முடியுமா என்று படிப்படியாகக் கேட்டது. சிபிடி என்னும் சிகிச்சைமுறையில் உளவியலாளர்கள் செய்யவைக்கும் பயிற்சியேதான் இது. மூச்சுப்பயிற்சியும் தூக்கத்துக்கான ஒலிகளும் உண்டு. அடிப்படை உரையாடல் இலவசம். மனிதப் பயிற்சியாளரிடம் பேசக் கட்டணம்.

இதெல்லாம் பலன் தருமா? இதே வகையைச் சேர்ந்த வோபாட் செயலியை 18 முதல் 28 வயது வரையிலான 70 பேரிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. செயலியுடன் பேசியவர்களுக்கு, மனச்சோர்வு பற்றிய மின்னூலை மட்டும் படித்தவர்களைவிட அறிகுறிகள் குறைந்தன. ஆனால் சோதனை நடந்தது 2 வாரம்தான். ஆய்வாளர்களில் ஒருவர் வோபாட்டை நிறுவியவர். அந்தச் செயலியும் 2025 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. பழகிய துணை ஒரு நிறுவனத்தின் முடிவால் காணாமல் போகலாம் என்பதையும் மாணவர் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னும் முக்கியமானது ஆபத்து நேரம். 2018இல் பிபிசி சோதித்தபோது, சிறுவர் மீதான பாலியல் வன்முறையைச் சொன்ன செய்திகளை வைசா, வோபாட் இரண்டுமே சரியாகக் கையாளவில்லை. திருத்துவதாக வைசா அப்போது சொன்னது. இப்போது எஸ்ஓஎஸ் வசதியில் மனதை நிலைப்படுத்தும் பயிற்சி, பாதுகாப்புத் திட்டம், உதவி எண்கள் இருக்கின்றன. ஆனால் அந்த எண்களை அழைக்க வேண்டியவர் மாணவர்தான். நேரில் இருக்கும் ஆலோசகர் தளர்ந்த குரலையும் சாப்பிடாத முகத்தையும் கவனிப்பார். செயலிக்குக் கிடைப்பது நாம் தட்டும் எழுத்து மட்டுமே.

என் தீர்ப்பு: தேர்வுப் பதற்றம், தூக்கமின்மை, சுயவெறுப்பு எட்டிப்பார்க்கும் இரவுகளுக்கு வைசா நல்ல பயிற்சி நோட்டு. ஆலோசகரைச் சந்திக்கக் காத்திருக்கும் நாட்களிலும் உதவும். வாரக்கணக்கில் சாப்பாடும் படிப்பும் பிடிக்காமல் போனாலோ, சாவைப் பற்றிய எண்ணம் வந்தாலோ, செயலியோடு பேசி நேரத்தைக் கடத்தக் கூடாது. அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒன்று: செயலியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆலோசகர் பணியிடத்தைக் காலியாக வைத்தால், அது மாணவர் நலன் ஆகாது, செலவுக் குறைப்புதான்.