பொறியும் பல்லியமும்

கருவிகள் பல கூடி ஒலிக்குமிடத்து எது எதனைப் பின்பற்றி நிற்றல் வேண்டும் என்னும் வினா இசைக்கலையில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவ்வொழுங்கினை வகுத்துக் காட்டுதலைத் தமிழ் கற்றோர் அறிவர். அவ்வினாவே மேலை நாட்டில் அண்மைக் காலத்தில் புதியதொரு வடிவில் எழுந்தது. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்தவரான ஜெப் மில்ஸ் என்பாரின் இலத்திரனியல் இசையும், பிரான்சு நாட்டு மொன்பெலியே நகரத்துச் சிம்பொனிப் பல்லியமும் 2005ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் ஒரே மேடையிற் கூடின. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 'புளூ பொட்டென்ஷல்' என்னும் பெயருடன் 2006இல் வெளிவந்தது.

மில்ஸ் வளர்ந்த நகரம் மோட்டார் வண்டித் தொழிலாற் சிறந்து, அத்தொழில் நலியத் தானும் நலிந்தது. அந்நகரத்துக் கறுப்பின இளைஞர் 1980ஆம் ஆண்டுகளில் இலத்திரனியற் கருவிகளைக் கொண்டு ஆக்கியதே 'டெக்னோ' என்னும் நடன இசை. அதன் உயிர்நிலை தாளப் பொறியாகும். ஒரு சிறு சொற்கட்டைப் போன்ற ஒலிக்கோலத்தை அது இம்மியும் பிசகாது மீட்டும் மீட்டும் ஒலிக்கும். றோலண்ட் 909 என்னும் அப்பொறியை, ஓடவிட்டு வாளாவிருக்கும் இயந்திரமாகக் கொள்ளாது, விரலால் இயக்கி மாற்றும் வாத்தியமாகவே கையாள்பவர் மில்ஸ்.

பொறியும் பல்லியமும் கூடியமை இதுவே முதன்முறையன்று. எட்கார் வரேஸ் இயற்றிய 'தேசேர்' என்னும் படைப்பு 1954ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் பாரிசில் அரங்கேறியபொழுது அவையோர் பெருங்கூச்சலிட்டனர். ஆயினும் அங்கே காந்த நாடாவில் பதிந்த ஒலி எழும்போது வாத்தியக்காரர் வாளாவிருந்தனர். அவர் வாசித்தபோது நாடா ஓய்ந்தது. ஆதலின் எது எதனைப் பின்பற்றுவது என்னும் இடர்ப்பாடு அங்கே எழவில்லை. மில்சின் மேடையில் இரண்டும் ஒருங்கே ஒலித்தன. அதனால் அவ்விடர்ப்பாடு முழுவதும் வெளிப்பட்டது.

பல்லியத்தின் காலம் மூச்சைப் போன்றது. நடத்துநரின் கோல், பொருளுக்கேற்பக் காலத்தை நீட்டும், சுருக்கும். பொறியின் காலமோ அளவுகோலைப் போன்றது. பொறி மூச்சுவிடாது, ஆதலின் பல்லியமே தன் மூச்சை அடக்கவேண்டியதாகிறது. அலெய்ன் அல்தினோக்லு என்னும் நடத்துநர் அரிய திறமையுடன் எழுபதின்மர் அளவினரான தம் குழுவைப் பொறியின் அடியோடு ஒட்டி நடத்தினார். எனினும் திறமையாற் பெற்ற அவ்வொற்றுமைக்குப் பல்லியம் தன் இயல்பில் ஒரு கூற்றை விலையாகக் கொடுத்தது என்பதை மறுத்தற்கில்லை.

இனி, இத்தொகுப்பின் ஆக்கம் யாது? 'த பெல்ஸ்' என்னும் உருப்படி இதற்கு விடை தரும். மணியோசை போன்ற சிறியதொரு கோலம் விரைந்த நடையில் சுழன்று சுழன்று வருதலே அதன் அமைப்பு. பொறியில் நூறாவது முறை வருவதும் முதன்முறை வந்ததும் ஒன்றே. தோமா றூசெல் செய்த ஒழுங்கமைப்பில் அக்கோலம் மனிதர் கைக்கும் மூச்சுக்கும் வரும்போது, ஒவ்வொரு முறையும் வில்லின் அழுத்தமும் ஊதுவோர் மூச்சும் நுண்ணிதின் வேறுபடுகின்றன. திரும்ப வருதல் என்பது அப்படியே வருதலன்று என்னும் உண்மை அங்கே செவிப்புலனாகின்றது. அவையோரின் ஆரவாரமும் பதிவிற் கலந்து, இது நடன இசை என்பதை மறவாமற் காக்கின்றது.

குறை எங்கே எனின், பல்லியம் நெடிய சுரங்களைப் பிடித்துக்கொண்டு திரைப்படப் பின்னணிபோல் நிற்குமிடங்களில் எனலாம். அங்கே அது பேசுவதில்லை. பொறிக்குப் பட்டாடை போர்த்துகின்றது. திறந்த வெளியில் இரு தரப்பும் ஒலிபெருக்கி வழியாகவே வரவேண்டியிருத்தலின், தாளப் பொறியின் ஆழ்ந்த அடியின்முன் பெருவயலின்களின் மென்மை மங்கிவிடுதலும் இயல்பே.

இக்குறை இசை நுட்பத்தளவில் முடிவதன்று. தெருவிலும் களியாட்ட மண்டபத்திலும் பிறந்த கலையொன்று சிம்பொனிப் பல்லியத்தை நாடும்போது, அது தோழமை நாடுகின்றதா, மதிப்புச் சான்றிதழ் நாடுகின்றதா என்னும் ஐயம் எழுகின்றது. டெக்னோவுக்கு அச்சான்றிதழ் வேண்டுவதில்லை. தாளத்தையும் ஒலியின் நிறத்தையும் கொண்டே ஒரு முழுமையான கலையுலகை அது முன்னரே படைத்துக்கொண்டது. பட்டாடை போர்த்தியவிடத்து இத்தொகுப்பு சான்றிதழ் நாடுகின்றது. ஒரே கோலத்தை இரு தரப்பும் தத்தம் இயல்பு கெடாது பகிர்ந்துகொண்டவிடத்துத் தோழமை பெறுகின்றது. பின்னதன்பொருட்டே இது நிலைக்கும்.

நிகழ்ச்சி நடந்த இடமும் இங்குக் கருதத்தக்கது. யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 1985இல் இடம்பெற்றதன் இருபதாம் ஆண்டு நிறைவெய்திய பொன் து கார் என்னும் பாலமே அது. நீம் நகருக்கு நீர் கொண்டுசெல்ல உரோமர் கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கட்டிய அதன் மூவடுக்கு வளைவுகள் ஏறத்தாழ 49 மீற்றர் உயர்ந்து நிற்கின்றன. தொலைவில் நின்று காண்போர்க்கு அவை ஒன்றன் படியாக மற்றொன்று அமைந்தன போலத் தோன்றும். அளந்து பார்ப்போர்க்குக் கீழடுக்குகளின் வளைவுகள் அகலத்தில் ஒன்றையொன்று ஒவ்வாமை புலப்படும். ஆற்றின் போக்குக்கும் நிலத்தின் இயல்புக்கும் இடங்கொடுத்தே அவ்வொழுங்கு அமைந்தது. பொறியும் பல்லியமும் கூடும் இசைக்கும் வேண்டப்படுவது அத்தகைய ஒழுங்கே.