உருமேனிய மொழியும் அதன் அகராதியாளரும்

சிலாவிய மொழிகளும் அங்கேரிய மொழியும் சூழ்ந்திருக்க, அவற்றிடையே இலத்தீன் வழிவந்த மொழியொன்று தனித்து வழங்கி வருதல் மொழியாராய்ச்சியாளரை நெடுங்காலமாகக் கவர்ந்துள்ளது. அதுவே உருமேனிய மொழி. கி.பி. 106 இல் திராயன் பேரரசன் தேசியா நாட்டை வென்று உரோமப் பேரரசுடன் சேர்த்தான். ஏறத்தாழ 271 இல் அவுரேலியன் அதனைக் கைவிட்டான். இடைப்பட்ட காலம் நூற்றறுபத்தைந்து ஆண்டுகளே. இவ்வளவு குறுகிய ஆட்சியின் மொழி நிலைத்தது யாங்ஙனம், அது தன்யூபின் வடகரையிலே இடையறாது வழங்கியதா, தென்கரையிலிருந்து பின்னர் வந்ததா என்பன இன்னும் முற்றத் தீராத வினாக்கள். அவற்றை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. அம்மொழிக்குரியோர் தம் சொற்களை எவ்வாறு மதித்தனர், அம்மதிப்பிலே எங்கே நெறி பிறழ்ந்தனர் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

காலம் திட்டமாக அறியப்பட்ட உருமேனிய ஆவணங்களுள் மிகப் பழையது 1521 இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். கும்புலுங் என்னும் ஊரைச் சேர்ந்த நியாக்ஷு என்பவர் பிரஷோவ் நகரத் தலைவருக்குத் துருக்கியப் படைகளின் நடமாட்டத்தை அறிவித்து எழுதியது அது. தொடக்கமும் முடிவும் திருச்சபைச் சிலாவியத்தில் அமைந்துள்ளன. செய்தி மட்டும் உருமேனியத்தில் உள்ளது. எழுத்தோ சிரில்லிய எழுத்து. மரியாதைக்கு ஒரு மொழியும் அவசரத்துக்கு இன்னொரு மொழியுமாக எழுதியவர் கையாண்டமை கவனிக்கத்தக்கது. வழிபாட்டு மொழியாகச் சிலாவியமும் எழுத்தாகச் சிரில்லியமும் நூற்றாண்டுக் கணக்காக நின்றமையால், கண்ணாற் பார்ப்பவருக்கு இம்மொழி சிலாவியக் கிளையொன்றுபோலவே தோற்றியது.

அத்தோற்றத்தைக் களைய முற்பட்டோர் திரான்சில்வேனியப் புலவர்கள். அந்நாட்டில் அங்கேரியப் பிரபுக்கள், சாக்சனியர், செக்லர் ஆகிய மூவருமே அரசியலுரிமை பெற்ற இனத்தவராகக் கொள்ளப்பட்டனர். தொகையால் மிக்க உருமேனியர் அவ்வரிசையில் வைக்கப்படவில்லை. 1791 இல் இரண்டாம் லியோப்போல்டு பேரரசனுக்கு அவர்கள் அனுப்பிய விண்ணப்பம் தம் உரோம வழித்தோன்றலை உரிமைக்குச் சான்றாகக் காட்டியது. எனவே சொற்பிறப்பு அங்கே வெறும் ஏட்டாராய்ச்சி அன்று; வழக்குமன்றத்து ஆவணம் எனலாம். 1780 இல் வியன்னாவில் சாமுயில் மீக்குவும் கெயோர்கே சிங்காயும் வெளியிட்ட இலக்கணம் உருமேனியத்தை இலத்தீன் எழுத்திலே எழுதிக் காட்டியது. பேத்ரு மயோர் 1812 இல் எழுதிய ஆராய்ச்சி, இம்மொழி ஏட்டிலத்தீனிலிருந்து பிறந்ததன்று, மக்கள் பேசிய இலத்தீனிலிருந்து வந்தது என நிறுவ முயன்றது. அக்காலத்து நோக்க இது மிக நுண்ணிய கருத்து. பின்வந்தோர் இதனைப் போற்றாது விட்டமையே பெருந்தவறு.

1866 இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் உருமேனியக் கலைக்கழகமாக வளர்ந்த சங்கம், மொழிக்கு ஓர் அகராதி செய்யும் பணியை லவுரியான், மாசிம் என்னும் இருவரிடம் ஒப்புவித்தது. 1871 இலும் 1876 இலும் அகராதியின் இரு தொகுதிகள் வெளிவந்தன. அவற்றோடு தனியே ஒரு சொற்றொகையும் வெளியாயிற்று. பிறப்பாலோ வடிவாலோ அயலானவையும் பிறப்பு ஐயத்துக்குரியவையுமான சொற்கள் அத்தனித்தொகையில் ஒதுக்கப்பட்டன. அகராதியினுள்ளே இலத்தீன் மரபுச் சொற்கள் வீற்றிருந்தன. ஒருவரும் பேசியறியாத புத்துருக்களும் அவற்றோடு இடம்பெற்றன. எழுத்துக்கூட்டலும் ஒலியைப் பின்பற்றாது இலத்தீன் மூலத்தையே பின்பற்றிற்று. லவுரியான் முன்னர் 1853 இல் எழுதிய உருமேனிய வரலாற்றிலே ஆண்டுகளை உரோமாபுரி நிறுவப்பட்ட நாள் முதற் கணக்கிட்டவர் என்பதை நினைத்தால், இவ்வகராதியின் போக்கு வியப்பளிக்காது.

இந்நூலின் உழைப்பைப் பழித்தல் பொருந்தாது. ஆயின் அதன் அடிப்படை பிழையானது. உருமேனியத்தில் ‘அன்புசெய்’ என்பதற்குரிய ‘யுபி’ சிலாவியச் சொல். நண்பனைக் குறிக்கும் ‘பிரியெத்தென்’, நோயைக் குறிக்கும் ‘பொவாலெ’, ‘ஆம்’ என்னும் பொருளிலுள்ள ‘தா’ ஆகியனவும் சிலாவியமே. நகரத்தைக் குறிக்கும் ‘ஒராஷ்’, எண்ணத்தைக் குறிக்கும் ‘கிந்த்’ என்பன அங்கேரியத்திலிருந்து வந்தன. ரோசா மலருக்கு வழங்கும் ‘திரந்தபீர்’ முப்பது இதழ் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பிறப்பொன்றையே அளவையாகக் கொள்ளின் இவை யாவும் வாயிற்புறத்தே நிற்கவேண்டியனவே. அன்பையும் நட்பையும் நோயையும் புறத்தே நிறுத்திய அகராதி யாருடைய மொழிக்கு அகராதி என்னும் வினா எழுதல் இயல்பு.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. இலத்தீனை உயர்த்துவதாகக் கருதிய அவ்வகராதியின் நோக்கு, உருமேனியத்துள் இலத்தீன் அடைந்த வளர்ச்சியையே மறைத்தது. இலத்தீனிலே பாவிய தளத்தைக் குறித்த சொல் உருமேனியத்திற் ‘பமிந்த்’ ஆகி மண்ணையும் உலகையும் குறித்தது. ஆன்மாவைக் குறித்த சொல் ‘இனிமெ’ ஆகி நெஞ்சமாயிற்று. படைச்சேவை முடித்த பழவீரனைக் குறித்த சொல் ‘பெத்ரின்’ ஆகி முதியவர் எவர்க்கும் உரியதாயிற்று. கூட்டத்தைக் குறித்த சொல் ‘குவிந்த்’ ஆகி ‘சொல்’ என்பதற்கே பெயராயிற்று. கூடினோர் பேசுவர், பேசுவது சொல் என அப்பொருள் நகர்ந்தமை எண்ணி மகிழத்தக்கது. இவ்வழகெல்லாம் சந்தையிலும் மேய்ச்சல் நிலத்திலும் விளைந்தவை. சிசரோவின் ஏட்டிலே தேடுவார்க்கு அகப்படா. மயோர் காட்டிய வழியிற் சென்றிருந்தால் லவுரியானும் மாசிமும் இவற்றைக் கண்டிருப்பர்.

இவர்களுக்கு நேர்மாறான எல்லையிலே நின்றவர் அலெக்சாந்துரு சிஹாக். அவரது சொற்பிறப்பகராதி 1870 இலும் 1879 இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதிலுள்ள 5,765 சொற்களுள் சிலாவியம் 2,361, இலத்தீன் 1,165, துருக்கியம் 965, கிரேக்கம் 635, அங்கேரியம் 589, அல்பானியம் 50 என்பது கணக்கு. இலத்தீன் ஐந்தில் ஒரு பங்கு, சிலாவியம் ஐந்தில் இரு பங்கு! உரோம மரபினரென மார்தட்டியோர்க்கு இஃது இடியேறாயிற்று. சிஹாக்கின் எண்களைப் பலர் சினந்து வெறுத்தனரேயன்றி விடைகூற அறிந்தாரில்லை.

விடை கூறியவர் ஹஷ்தேவு. 1881 இல் அவர் வெளியிட்ட கருத்து மொழிநூல் வரலாற்றிலே இடம்பெறத்தக்கது. நாணயத்தின் பயன் பெட்டியிலுள்ள தொகையாலன்று, கைமாறும் விரைவாலேயே அளக்கப்படும்; சொல்லுக்கும் அவ்விதியே பொருந்தும் என்றார் அவர். ஆயுளில் ஒருமுறை வாயில் வரும் சொல்லும், நாளொன்றுக்கு நூறுமுறை வரும் சொல்லும் சிஹாக்கின் பட்டியலிலே தலைக்கு ஒன்றெனவே எண்ணப்பட்டன. இலத்தீன் சொற்களாலேயே முழு வாக்கியங்களை, முழுப் பாடல்களையுங்கூட, உருமேனியத்தில் அமைத்தல் கூடும். சிலாவியச் சொற்களால் மட்டும் ஒரு வாக்கியமும் அமைத்தல் கூடாது என்பது அவர் காட்டிய சான்று. கவிஞர் எமினெஸ்குவின் செய்யுட்களைப் பிற்காலத்தார் எண்ணியபோதும் இக்கருத்து வலியுற்றது. வெவ்வேறு சொற்களாகக் கொண்டால் இலத்தீன் மரபினவை பாதிக்குச் சற்றே குறைவு. வருகைதோறும் எண்ணினால் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல்.

ஹஷ்தேவின் வாதம் சிஹாக்கை வென்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றியோடு மொழியின் இயல்பு முழுதும் விளங்கிவிட்டதென்று கொள்ளற்க. அவரது தராசிலே மிகுதியாக ஏறி நிறை காட்டுவன இடைச்சொற்களும் துணைவினைகளும் பதிலிப்பெயர்களும். நெஞ்சைத் தொடும் சொல் அரிதாக வருவதாயினும் அதன் நிறை குறைந்ததன்று. மேலும், சொல் இலத்தீனாயிருக்க அமைப்பு வேறாதலும் உண்டு. பதினொன்று என்பதை உருமேனியர் ‘உன்ஸ்பிரெசெச்சே’ என்பர். அதாவது ‘பத்தின்மேல் ஒன்று’. உறுப்புக்கள் மூன்றும் இலத்தீன். கூட்டிய முறை சிலாவியம். ‘ஓம்’ என்றால் மனிதன், ‘ஓமுல்’ என்றால் அந்த மனிதன். சுட்டும் உறுப்புப் பெயரின் இறுதியிலே ஒட்டுகிறது. இலத்தீனின் ஏனைய பெருங்கிளை மொழிகளில் இவ்வாறில்லை. அயலேயுள்ள பல்கேரியத்திலும் அல்பானியத்திலும் உண்டு. எண்ணுதலும் எட்டாத, நிறுத்தலும் எட்டாத கலப்பு இது. ஹஷ்தேவும் தம் பேரகராதியை 1886 முதல் வெளியிடத் தொடங்கி, எல்லாவற்றையும் விளக்க விழைந்த ஆர்வத்தால் மூன்று தொகுதிகளில் ‘பெர்பாத்’ என்னுஞ் சொல்லளவிலே நின்றுவிட்டார். பகரத்தைக்கூடக் கடவாத பேரகராதி!

இலத்தீன் கட்சியார் தோற்றனரென்றே இலக்கிய வரலாற்றார் எழுதுவர். அது பாதி உண்மை. 1860 முதல் 1863 வரையிலே சிரில்லிய எழுத்து அரசாணையால் நீங்கி இலத்தீன் எழுத்து நிலைபெற்றது. பிரான்சியத்திலிருந்து வெள்ளமெனச் சொற்கள் புகுந்தன. விடுதலையுற்றதைக் குறிக்கும் ‘ஸ்லொபோத்’ என்பதன் அருகே ‘லீபெர்’ வந்து அமர்ந்தது. நம்பிக்கைக்கு ‘நெதெஜ்தே’யும் ‘ஸ்பெரான்சா’வும் இருபெயராயின. எனினும் அன்பைக் குறிக்க வந்த ‘அமோர்’ சற்று நகைப்புக்குரிய சாயலே பெற்றது. சிலாவிய வேரின ‘யுபிரே’யும் ‘திரகொஸ்தே’யும் தம் இடம் விட்டுப் பெயரவில்லை. ‘இருக்கிறேன்’ என்பதற்கு மக்கள் நாவில் வழங்கிய ‘சிந்த்’ 1953 இன் எழுத்துத் திருத்தத்திலே ஏற்கப்பட்டது. 1993 இல் கலைக்கழகம் இலத்தீன் சாயலுள்ள ‘சுந்த்’ என்பதை மீட்டது. மால்தோவாவிலே சோவியத்து ஆட்சி சிரில்லிய எழுத்தைச் சுமத்தியது. 1989 இல் இலத்தீன் எழுத்துத் திரும்பியது; 2023 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டங்களில் ‘மால்தோவிய மொழி’ என்றிருந்ததை ‘உருமேனிய மொழி’ என மாற்றியது.

ஹஷ்தேவுக்குப் பின்னர்க் கலைக்கழகம் பலர் கையால் நடத்திய பேரகராதி 2010 இல் நிறைவெய்தியது. 1871 இல் தனித்தொகைக்கு ஒதுக்கப்பட்ட அயற்சொற்களின் இனத்தவை அதிலே தத்தம் அகரவரிசையில், இலத்தீன் சொற்களுக்கு இடையிடையே நிற்கின்றன.